பெருங்களத்தூர் தந்த பெரிய கார்

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்களுக்கு அதன் இயல்பு நன்கு விளங்கும். வீட்டுமனை விளம்பரப் பலகைகளும், இரும்புக் கடைகளும், வாகனப் பட்டறைகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, அவற்றினூடே வாலாஜாபாத் திசையில் செல்லும் பேருந்துகளும் லாரிகளும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலையும் இவ்வூரை ஒட்டியே செல்கிறது. வெளியூர் செல்லும் ஆம்னி பேருந்துகளை நிறுத்திவைக்கவும் இங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், முடிச்சூர் இன்று சக்கரங்களின் ஊர்.

முடிச்சூர் என்றதும் பலருக்கும் 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையும், அடையாறு கரை கடந்து வீடுகளுக்குள் புகுந்ததுமே நினைவுக்கு வரும். நாம் இங்கே சொல்லப் புகுவது அதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய செய்தி. முடிச்சூரிலிருந்து பழைய பெருங்களத்தூர் வழியாகச் சில கிலோமீட்டர் சென்றால் திருச்சி நெடுஞ்சாலையை, அதாவது நம் மக்கள் ஜி.எஸ்.டி. சாலை என்று வழங்கும் பெருஞ்சாலையை அடைகிறோம். பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில்தான், இந்தியாவிலேயே மிகப் பெரிய சொகுசு கார் என்ற எதிர்பார்ப்போடு ஒரு வண்டி 1985-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாநகரின் நடுவிலிருந்த விலங்குக் காட்சிச்சாலை வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. விலங்குகள் இன்றும் இருக்கின்றன, கார் இல்லை.

‘ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ என்பது அந்தத் தொழிற்சாலையை நடத்திய நிறுவனத்தின் பெயர். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுறவு கொண்டு, 1949-ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கி வந்தது. வான்கார்டு, டென், பென்னன்ட் என்று தொடங்கிய வரிசையில், 1961-இல் வந்த ஹெரால்டு கார் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. முகப்பு மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்தச் சிறு வண்டியை நம் வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு, இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது என்பது சிறப்பு. அவ்வகையை இங்கிலாந்துக்காரர்களே கண்டதில்லை. ஹெரால்டை அடுத்து 1972-இல் ‘கெசல்’ வந்து, சில ஆண்டுகளில் நின்றது. அதன்பின் நிறுவனம் கார் செய்வதை விட்டுவிட்டு, ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் ஒரு டன் வேன் வண்டியை மட்டும் நம்பிக் காலந்தள்ளியது.

இந்த நிலையில்தான் மீண்டும் கார் செய்யும் ஆசை பிறந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்திருந்தது. அரசின் கட்டுப்பாடுகளும் மெல்லத் தளர்ந்து கொண்டிருந்தன. சிறிய காரில் மாருதியோடு போட்டியிடுவது இயலாத செயல். ஆதலால் நிறுவனத்தார் மேல்தட்டு மக்களுக்குரிய பெரிய காரைத் தேர்ந்துகொண்டனர். இங்கிலாந்தில் 1976-இல் வெளிவந்து, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற ரோவர் எஸ்.டி.1 என்னும் காரின் உடலமைப்பைச் செய்வதற்கான அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிக் கொணர்ந்தனர்.

அந்த உடல் அழகானது என்பதில் ஐயமில்லை. டேவிட் பேச் என்னும் வடிவமைப்பாளர் அதனை உருவாக்கினார். கூர்ந்து தாழ்ந்த மூக்கு, பின்னோக்கிச் சரியும் கூரை, கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு என, அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு அது வேற்றுலக வண்டியாகவே தோன்றியது. உள்ளேயும் ஒரு புதுமை உண்டு. வேகமானி முதலியவற்றைத் தனிப் பெட்டியாக்கி, முன்பலகையின் மேல் வைத்திருப்பார்கள்; ஸ்டீயரிங் இடப்புறம் உள்ள நாடுகளுக்குச் செய்யும்போது அப்பெட்டியை மறுபுறம் மாற்றிவிட்டால் போதும். ஆங்கிலேயரின் சிக்கனம் சில வேளைகளில் இப்படி அழகாகவும் அமைந்துவிடுகிறது.

இத்தகைய உடலுக்குள் இங்கிலாந்தில் வைத்திருந்த முதல் எஞ்சின் 3,528 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், எட்டுச் சிலிண்டர்களும் உடையது. அதன் ஆற்றல் 155 குதிரைத்திறன். அதனோடு ஐந்து கியர் கொண்ட பெட்டி இணைந்திருந்தது. பெருங்களத்தூரிலோ, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரவில்லை. அயல்நாட்டுச் செலாவணிக்குத் தட்டுப்பாடு; உதிரிகளை உள்நாட்டிலேயே செய்யவேண்டும் என்னும் விதி; எரிபொருள் சிக்கனத்தில் அரசின் கண்டிப்பு; எல்லாவற்றுக்கும் மேலாக, செலவு. ஆகவே கையிலிருந்த 1,991 கன சென்டிமீட்டர் எஞ்சினையே செப்பஞ்செய்து பொருத்தினர். அதன் ஆற்றல் 83 குதிரைத்திறன். அதுவரை எங்கே ஓடிக்கொண்டிருந்தது அந்த எஞ்சின்? மேலே சொன்ன ஸ்டாண்டர்டு 20 சரக்கு வேனில். அதன் குலமுறையைத் தேடினால் 1940-களின் இறுதியில் வந்த வான்கார்டு காருக்குச் செல்லவேண்டும். அக்குலத்து எஞ்சின் ஒன்று பெர்குசன் டிராக்டரிலும் உழவுக்குப் பயன்பட்டது. உழைப்புக்கு அஞ்சாத எஞ்சின்தான். அதைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆனால், 1,300 கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டியை மிடுக்கோடு ஓட்டுவதற்கு அது பிறக்கவில்லை.

இங்கே கியரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் வேண்டும். கார் வைத்திருப்பவர்களிலும் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சின் மிக வேகமாகச் சுழல்வது. சக்கரமோ அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டியதில்லை. இடையிலுள்ள பற்சக்கரங்கள் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து, அதற்கு ஈடாக இழுக்கும் வலிமையைக் கூட்டித் தருகின்றன. முதல் கியரில் வலிமை மிகுதி, வேகம் குறைவு. கியர் ஏற ஏற வலிமை குறைந்து வேகம் கூடும். பொதுவாக நான்காம் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். ஐந்தாம் கியர் என்பது அதற்கும் மேற்பட்ட படி. அதில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு எஞ்சின் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்ற வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டரில் செல்லும்போது ஐந்தாம் கியர் உள்ள வண்டி இரைச்சலின்றி, பெட்ரோலை மிச்சப்படுத்திக்கொண்டு செல்வது இதனால்தான்.

பெருங்களத்தூர்க் காருக்குப் பொருத்தியதோ உள்நாட்டில் செய்த நான்கு கியர் பெட்டி. குறைந்த ஆற்றலுள்ள எஞ்சினுக்கு இது இரட்டைச் சுமை. நான்கே படிகள் இருக்கும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி பெரிதாகிவிடும். மேல் கியருக்கு மாற்றியதும் எஞ்சினின் சுழற்சி சட்டென்று இறங்கிவிடும். எட்டுச் சிலிண்டர் எஞ்சினானால் அந்தப் பள்ளத்திலிருந்து எளிதில் மேலெழும். 83 குதிரைத்திறன் கொண்டது திணறும். குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் ஏற்காட்டு மலை ஏறினால் மூன்றாம் கியர் போதாது, இரண்டாம் கியர் கதறும். அந்நாளைய இருவழித் திருச்சிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதென்றால், எதிரே வரும் வண்டிக்கு முன்னதாக முந்திவிட முடியுமா என்று கணக்கிட்டே காலை அழுத்தவேண்டும். ‘பிக்கப் இல்லை’ என்று ஓட்டுநர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடும் குறை இதுதான். நகருக்குள் மெல்லச் செல்கையில் மேன்மையாகத் தோன்றும் வண்டி, நெடுஞ்சாலையில் தன் வயதைக் காட்டிவிடுகிறது.

விலை கொடுத்தவர்களின் ஏமாற்றத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று பெயரிடப்பட்ட இக்காரின் விலை, சாதாரணக் கார்களைக் காட்டிலும் மிகப் பெரிது. அதனை வாங்கியவர்கள் அயல்நாட்டு ரோவரைப் பற்றிப் படித்தவர்கள். அந்த எஞ்சினையும் அந்த ஐந்து கியரையும் எதிர்பார்த்தே பணம் கட்டினார்கள். உடலைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, உள்ளே சரக்கு வேனின் எஞ்சின் இருக்கிறது என்பது இனிய செய்தியாக இருந்திருக்க முடியாது. இவை போதா என்று, பெட்ரோல் செலவைப் பற்றி நிறுவனம் அளித்த கணக்கு மெய்யன்று என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. எரிபொருள் சிக்கனத்தை அரசு ஒரு தகுதியாகவே கருதிய காலம் அது. காரின் வேகம் குறைந்தால் ஓட்டுகிறவர் பொறுத்துக்கொள்ளக்கூடும். கணக்கில் ஐயம் வந்தபின் அந்தப் பெயரை யார் நம்புவார்?

ஒப்பிட்டுப் பார்க்க அக்காலத்திலேயே இன்னொரு கார் இருந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984-இல் கொணர்ந்த கான்டெசாவுக்கும் இதே நோய்தான். வாக்ஸாலின் பெரிய உடலுக்குள் அம்பாசடரின் சிறிய எஞ்சினை வைத்திருந்தார்கள், அதுவும் திணறியது. ஆனால் அவர்கள் சில ஆண்டுகளுக்குள் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தினார்கள். கான்டெசா 2002 வரை ஓடியது. நோய் ஒன்றே, ஒருவர் மருந்து உட்கொண்டார். பெருங்களத்தூராருக்கு அந்த அவகாசமோ, பணமோ வாய்க்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. கூடத்தில் எஞ்சியிருந்த சில கார்கள் அதன்பின் வெளியே போயின.

நமக்கு இதில் மிகுந்த துயரம் தருவது காரின் தோல்வியன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடந்த தொழிற்சாலை அது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்குத் தொழில் கற்றுத் தந்த இடம். பற்றவைப்பதும், பூச்சிடுவதும், பற்சக்கரத்தை நுண்ணளவில் கடைவதும் அங்கே கையால் பழகியவர்கள் எத்தனை பேர்! கியரையும் எஞ்சினையும் தேர்ந்தெடுத்தது மேசையருகே அமர்ந்தவர்கள். மாதச் சம்பளம் நின்றதோ, சங்கொலி கேட்டு மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களுக்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெண்ணின் திருமணம், பாதி கட்டிய வீடு, இவை எந்தக் கியரிலும் நகராத காரியங்கள். அவர்களில் சிலரேனும் தம் கைத்தொழிலோடு இப்பக்கத்துப் பட்டறைகளில் ஒதுங்கியிருப்பார்கள் என்று எண்ணுகிறோம்.

இன்று அதே சாலையில் தெற்கே சென்றால் கதை வேறு. சிங்கப்பெருமாள் கோயிலுக்கருகே உள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டி வெளியே அனுப்புகிறார்கள். வழியில் மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் நடத்திய தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. சொகுசு காரின் நோய்களும் மாறியிருக்கின்றன. கியரைக் கையால் மாற்றவேண்டாத தானியங்கி வகைகளில், எண்ணெயில் மூழ்காத இரட்டை கிளட்ச் கொண்டவை, ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளட்ச் அடிக்கடி உராய்வதால் சூடேறும். மாலை வேளையில் பெருங்களத்தூர் முனையில் நிற்பவர்களுக்கு அந்த நெரிசலை நாம் விளக்கவேண்டியதில்லை. கார் வாங்க எண்ணும் குடும்பத்தார், வெள்ளோட்டத்துக்குத் தாம் மட்டும் செல்லாமல் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு, ஏதேனும் ஒரு மேம்பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பார்ப்பது நல்லது. பத்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்தும் பார்க்கட்டும். விற்பனையாளர் காட்டும் வெறிச்சாலையில் எந்தக் காரும் நன்றாகவே ஓடும். கியர் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பெருங்களத்தூரில் பழைய தொழிற்சாலை இருந்த நிலத்தில் இப்போது கண்ணாடிச் சுவர்களுடைய தகவல் தொழில்நுட்ப வளாகமும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. தொழிற்சாலைச் சொத்துகள் 2006-இல் ஏலத்துக்கு வந்தபோது, கிடங்கில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த உதிரி பாகங்களை இங்கிலாந்தில் பழைய ரோவர் கார்களுக்குப் பாகம் விற்கும் ஒரு நிறுவனம் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுபோயிற்று. அந்நாட்டில் எஸ்.டி.1 செய்வது 1986-இலேயே நின்றுவிட்டது. அதன் உடற்பாகங்கள் அங்கே கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது. பெருங்களத்தூரில் நம்மவர்கள் அடித்துச் செய்த தகடுகளும் கதவுகளும் அங்கே எட்டுச் சிலிண்டர் எஞ்சின் கொண்ட கார்களில் பூட்டப்பட்டன.