10 இலட்சம் ஏக்கரும் ஒரு கணக்குக் கொப்பியும்

எமது பழைய மாணவர் ஒருவரின் மகள் இந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி கற்கின்றாள். கடந்த பனிக்காலத்தில் ஒருநாள் மாலை தகப்பனாரோடு வந்து, தான் எழுதவேண்டிய கட்டுரையொன்றுக்கு எம்மிடம் உதவி கேட்டாள். ஊரில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பித்தவருக்கு எல்லா நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்கும் என்று அப்பிள்ளைக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அலாஸ்கா மாநிலத்தில் மனநலச் சேவைகளுக்கெனவுள்ள நம்பிக்கை நிதியத்தைச் சட்டசபை எவ்வாறு மேற்பார்வை செய்கின்றது என்பதே அவளது தலைப்பு. எமக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், தெரியாது என்று மாணவர் முன் சொல்லும் பழக்கம் எமது தொழிலில் எமக்கு வாய்க்கவில்லை. தாள்களை வைத்துவிட்டுப் போ பிள்ளை என்றோம். அன்றிரவு வாசிக்கத் தொடங்கியவர்கள் விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கின்றோம்.

அலாஸ்கா 1959ஆம் ஆண்டில்தான் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலமாயிற்று. அதற்கு முன்னர் அது வெறும் ஆட்சிப்பிரதேசம். அங்கு மனநோய்க்கு வைத்தியசாலை இல்லை. ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எவராவது முறையிட்டால், அவரைக் குற்றவாளியைப்போலக் கைதுசெய்து, ஆறுபேர் கொண்ட யூரர் சபையின் முன் நிறுத்தினார்கள். அச்சபை ஆம் என்றால் மார்ஷல் ஒருவரின் காவலோடு அவர் தெற்கே அனுப்பப்பட்டார். போய்ச் சேர்ந்த இடம் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இருந்த மோர்னிங்சைட் என்னும் தனியார் வைத்தியசாலை. 1904ஆம் ஆண்டு தொடக்கம் 1960களின் ஆரம்பம்வரை ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கப்பலேறினார்கள். அவர்களுள் சிறுபிள்ளைகளும் இருந்தனர். பலர் திரும்பவேயில்லை. உறவினருக்கு அறிவித்தல்கூடப் போகாமல் அங்கேயே இறந்து புதைக்கப்பட்டவர்களும் உண்டு. வைத்தியசாலை 1968இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பின்னர் ஒரு பெரிய கடைத்தொகுதி எழுந்தது.

இதனை வாசிக்கையில் எமக்கு அங்கொடை நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் வராமல் இராது. 'உவனை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்' என்று விளையாட்டாகச் சொல்லாத வகுப்பறை எமது காலத்தில் இருந்ததில்லை, ஆசிரியர்களும் சொன்னோம். எமது ஒழுங்கையில் இருந்த ஒருவரை, நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது, யாழ்தேவியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மொழி தெரியாத இடத்தில், மொழி தெரியாத தாதிமாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அவரது தாயார் அதன்பின் ஒழுங்கைப் பக்கம் வந்ததை நாம் கண்டதில்லை.

அலாஸ்காவுக்கே திரும்புவோம். தமது நோயாளரைத் தமது மண்ணிலேயே பராமரிக்க வேண்டும் என்று அங்குள்ளோர் நெடுங்காலம் கேட்டதன் பயனாக, 1956இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் நிறைவேற்றியது. (இச்சட்டம் வந்தால் அரசியல் எதிரிகளைப் பிடித்து அலாஸ்காவில் அடைத்துவிடுவார்கள் என்று அஞ்சிய சிலர் அதற்குச் 'சைபீரியா மசோதா' என்று பெயர் சூட்டிக் கூக்குரலிட்டதும் நடந்தது.) அச்சட்டம் பணம் கொடுப்பதோடு நிற்கவில்லை, காணியும் கொடுத்தது. 10 இலட்சம் ஏக்கரைத் தெரிவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து வரும் வருமானம் முதலில் மனநலச் சேவைக்கே போகவேண்டும், அதனைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருங்கள் என்றது. 10 இலட்சம் ஏக்கர் என்றால் எவ்வளவு? தீவுகளையும் சேர்த்து முழு யாழ் மாவட்டத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. காணிக்காக அண்ணன் தம்பி வழக்காடும் ஊரில் பிறந்த நாம் அந்த வரியை இருமுறை வாசித்தோம்.

நம்பிக்கைப் பொறுப்பு என்பதை எம்மவருக்கு விளக்கப் பெரிய சிரமமில்லை. கோயிற் காணி சாமியுடையது. தர்மகர்த்தா அதனைப் பார்த்துக்கொள்பவர், உரித்தாளர் அல்லர். தேங்காய் விற்ற காசு பூசைக்குப் போகவேண்டும். தர்மகர்த்தாவின் மகளுடைய கலியாணத்துக்கு அல்ல. அலாஸ்காவில் தர்மகர்த்தா மாநில அரசு. சாமியின் இடத்தில் நோயாளர்.

1978இல் அந்த மாநிலச் சட்டசபை இக்காணிகளின் பெயரை மாற்றிற்று. மனநலக் காணி என்றிருந்தவை பொதுக் காணியாயின. அது பஞ்ச காலம் அன்று. எண்ணெய்க் குழாய் அதற்கு முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்டு, மாநிலத்துக்குச் செல்வம் வரத் தொடங்கியிருந்த நேரம். ஆனாலும் குடியிருப்புக்குக் காணி கேட்டார்கள், நகரசபைகள் கேட்டன, பூங்காக்களுக்கும் வனவிலங்குகளுக்கும் இடம் தேவைப்பட்டது. எல்லாம் நல்ல காரியங்களே. கேட்டவர்கள் எல்லோரும் சட்டசபைக்கு வந்து கேட்டார்கள். போர்ட்லண்டிலிருந்து திரும்பியவனோ, வீட்டின் பின்னறையில் கிடந்தவனோ வந்து, அது எனக்கு உரியது என்று சொல்லவில்லை.

சொன்னவர் ஒரு தந்தை. அவரது மகனுக்கு வேண்டிய சிகிச்சை அலாஸ்காவில் கிடைக்கவில்லை. 1982இல் அவர் மாநிலத்துக்கு எதிராக வழக்கு வைத்தார். மூன்று ஆண்டுகளின் பின் அலாஸ்கா உயர்நீதிமன்றம், 1978ஆம் ஆண்டுச் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பை மீறியது எனவும், நம்பிக்கையை இயன்றவரை முன்னிருந்தபடி மீளக் கட்டியமைக்க வேண்டும் எனவும் தீர்த்தது. சொல்வது எளிது. காணிகளின் பெரும்பகுதி அதற்குள் கைமாறியோ வேறு ஒதுக்கங்களுக்குள் அடங்கியோ விட்டது. வீடு கட்டிக் குடியிருப்பவனை எப்படி எழுப்புவது? இழுபறி 1994வரை நீண்டது. முடிவில் பழைய காணியில் ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர், இழந்ததற்கு ஈடாக வேறு 5 இலட்சம் ஏக்கர், அவற்றோடு 20 கோடி டொலர் காசு என்று இணக்கம் ஏற்பட்டது.

எமது மாணவியின் கேள்விக்கு விடை இந்த இணக்கத்தில்தான் இருக்கின்றது. காணியையும் காசையும் பார்த்துக்கொள்ள ஒரு தனி அதிகாரசபை அமைத்தார்கள். அதற்கு ஏழு பொறுப்பாளர்கள். ஆளுநர் நியமிப்பார், சட்டசபை உறுதிப்படுத்த வேண்டும். மனநோயாளர் மட்டுமன்றி, வளர்ச்சிக் குறைபாடுடையோர், குடிக்கு அடிமையானோர், மறதிநோய் கண்ட முதியோர், மூளையில் காயமுற்றோர் ஆகியோரும் அதன் பயனாளிகள். நிதியத்தின் வருமானத்தைச் செலவிட அதிகாரசபை சட்டசபையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் மனநலச் செலவுகளோ பொது வரவு செலவுத் திட்டத்துக்குள் கரைந்துவிடாதபடி தனி மசோதாவாக வரும். அதிகாரசபை விதந்துரைத்த தொகையிலிருந்து விலகினால், ஏன் விலகினோம் என்று எழுத்தில் காரணம் காட்டவேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் எமது மனதைக் கவர்ந்தது. தொகையைக் குறைப்பதற்குத் தடை இல்லை. சத்தமின்றிக் குறைப்பதற்குத்தான் தடை.

ஆனால் கதை அங்கும் முடியவில்லை. காணியிலிருந்து கிடைக்கும் முதலைச் சட்டப்படி அலாஸ்காவின் நிரந்தர நிதியக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்து முதலிடுவிக்க வேண்டும். பொறுப்பாளர்களோ, அதில் 4 கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகையைக் கொண்டு வணிகக் கட்டடங்கள் வாங்கினார்கள். அவற்றுட் சில அலாஸ்காவிலேயே இல்லை. சட்டசபையின் குழுவொன்று விசேட கணக்காய்வு கேட்டது. 2018இல் அறிக்கை வெளிவந்தது. முதலைக் கையாண்ட விதம் சட்டத்துக்கு மாறானது என்றும், பகிரங்கக் கூட்டத்தில் பேசவேண்டியவற்றைப் பொறுப்பாளர்கள் வெளியே பேசித் தீர்த்தார்கள் என்றும் அது கண்டது. எவரும் காசைத் தமது சட்டைப்பைக்குள் போட்டதாகச் சொல்லப்படவில்லை. நோயாளருக்குக் கூடிய வருமானம் தேடுகின்றோம் என்பதே அவர்களது நியாயம்.

நாம் உயர்தர வகுப்பில் 'கணக்காய்வாளர் நாயகத்தின் பணிகளை விளக்குக' என்று எத்தனையோ முறை வினா எழுதியிருக்கின்றோம். பிள்ளைகள் பாடமாக்கி எழுதினார்கள். நாம் சரி போட்டோம். அதனைவிட உப்புச்சப்பற்ற பாடம் வேறில்லை என்றே எண்ணியிருந்தோம். 1978இல் காணியை எடுத்த அதே சட்டசபைதான் 2018இல் பொறுப்பாளரின் கணக்கைக் கேட்கின்றது. இது வேடிக்கைதான். நேற்றுக் கள்ளனாக இருந்தவன் இன்று காவற்காரனா என்று கேட்கத் தோன்றுகின்றது. எமக்கும் தோன்றியது. ஆனால் கேட்பவனின் கை சுத்தமாகும்வரை கேள்வியைப் பிற்போடுவதென்றால், உலகத்தில் எந்தக் கணக்கும் பார்க்கப்பட மாட்டாது. 1978இல் சட்டசபையைக் கேட்க நீதிமன்றம் இருந்தது. பொறுப்பாளரைக் கேட்கச் சட்டசபை இருந்தது. ஆரம்பத்தில் எல்லோரையும் கேட்க ஒரு தந்தை இருந்தார்.

இனி நித்திரை போன காரணத்தைச் சொல்லவேண்டும்.

ஒன்பது வருடங்களுக்கு முன், நாம் இவ்வூரில் எம்மவர் சங்கமொன்றின் செயலாளராக இருந்தோம். ஒரு முதியவர் எம்மிடம் 12,000 டொலருக்குக் காசோலை கொண்டுவந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசு. அவரது மகன் யுத்தத்தில் கண்டவற்றை மனதில் சுமந்துகொண்டு வந்த பிள்ளை. இங்கு வந்து மூன்றாம் வருடம் நோய் முற்றிற்று. வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்க்க ஆளில்லை. தகப்பனே மொழிபெயர்த்தார். தகப்பனுக்கு முன் சொல்லக்கூடாதவற்றை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? தனக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேரக்கூடாது, இந்தக் காசில் தமிழ் தெரிந்த ஆற்றுப்படுத்துநர் ஒருவரை மாதம் சில மணித்தியாலமாவது அமர்த்துங்கள் என்று கேட்டார். நாம் கைகொடுத்து வாங்கினோம். படம்கூட எடுத்தோம்.

அடுத்த வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு வாடகை முட்டிவிட்டது. நூறு பிள்ளைகள் தெருவில் நிற்கப் போகின்றார்கள். மனநல நிதியில் காசு சும்மா கிடக்கின்றது. ஆற்றுப்படுத்துநரும் இன்னும் அகப்படவில்லை. (உண்மையில் நாம் சரியாகத் தேடவுமில்லை.) 9,000 டொலரை எடுப்பதென்று தீர்மானமாயிற்று. கூட்டக் குறிப்பில் 'தற்காலிகமாக' என்ற சொல்லை இட்டவர் வேறெவருமல்லர், நாமேதான். நல்ல தமிழ்ச் சொல் என்று அப்போது ஒரு திருப்திகூட இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த முதியவர் எழுந்து ஒரேயொரு கேள்வி கேட்டார். "மாஸ்டர், நான் கணக்குக் கேக்கேல்லை. அந்தக் காசு எங்கை நிக்குது எண்டு மட்டும்தான் கேக்கிறன்." தலைவர் நேரமாகிவிட்டது என்றார். பின்வரிசையில் யாரோ, ஐயா இருங்கோ, சாப்பாடு ஆறுது என்றார்கள். சிரிப்பும் எழுந்தது. நாம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இருந்தார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

எவரும் ஒரு சதம் எடுக்கவில்லை என்பதை இங்கு எழுதவேண்டும். பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். எடுத்ததில் 2,500 டொலர் திரும்பி வைக்கப்பட்டது. மிகுதி 6,500 இன்னும் வரவேண்டும். இடையில் மூன்று நிர்வாகசபைகள் மாறிவிட்டன. இப்படியொரு கடன் இருப்பதே இன்றைய பொருளாளருக்குத் தெரியாது.

மாணவியின் கட்டுரைக்கு வேண்டிய குறிப்புகளை எழுதிக் கொடுத்தோம். அதற்கு நல்ல புள்ளி கிடைத்தது என்று தகப்பனார் தொலைபேசியில் சொன்னார். பின்பு நிர்வாகசபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். மனநல நிதியைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். அதிலிருந்து எடுப்பதாயின் காரணத்தை எழுத்தில் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கவேண்டும். சபையில் இல்லாத இருவர், அவர்களுள் ஒருவர் நோயுற்றவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர், வருடந்தோறும் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுள்ளோம். 6,500 டொலர் எப்படித் தீர்க்கப்படும் என்பதையும் கேட்டோம். எம்மாலானதாக 500 டொலர் காசோலை இணைத்தோம். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது ஏழாவது விடயமாகப் போடப்பட்டுள்ளது, சாப்பாட்டுக்கு முந்தியது. முதலாவதாகப் போடும்படி மீண்டும் எழுதியிருக்கின்றோம்.

கடந்த ஞாயிறு, பழைய கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த முதியவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் மகன். இப்போது நாற்பது வயதிருக்கும், தலை நரைத்துவிட்டது. எம்மை அடையாளங்கண்டு, "வாங்கோ மாஸ்டர், அப்பா உள்ளை" என்றார். தேநீர் வந்தது. ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் பேசிய பின், கொப்பியை விரித்து மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தைக் காட்டினோம். முதியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துவர உள்ளே போனார். மகன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி வாசிக்கத் தொடங்கினார்.