பொதுக்காலத்தில் ஒரு வாரம்

திருவழிபாட்டு ஆண்டில் மிக நீண்டது பொதுக்காலம். 33 அல்லது 34 வாரங்கள் அதற்கே உரியவை. கிறிஸ்து பிறப்புக்குக் குடில் கட்டுகிறோம். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செல்கிறோம். பாஸ்கா இரவில் திரி ஏற்றுகிறோம். பொதுக்காலத்துக்கென்று எவரும் எதையும் கட்டுவதுமில்லை, ஏற்றுவதுமில்லை. பச்சை உடையணிந்து பீடத்தை அணுகும் அந்த ஞாயிறுகளில் மக்களின் முகத்தில் ஒருவிதச் சலிப்பையும் கண்டிருக்கிறேன். ஆயினும் நம் வாழ்நாளின் பெரும்பகுதி அந்தப் பச்சை நிறத்தில்தான் கழிகிறது.

கடந்த ஆனி மாதத்தில் ஒரு வாரம் என் தாயாருடன் எங்கள் பழைய வீட்டில் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. பன்னிரண்டு வயதில் இளங்குருமடத்துக்குப் புறப்பட்டவன் நான். இன்று வயது ஐம்பத்தேழு. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டில் தொடர்ந்து நான்கு நாள்களுக்குமேல் தங்கியதாக நினைவில்லை. இம்முறை தங்கியதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு; மூன்றாண்டுகளாகத் தனியே இருக்கிறார். தவக்காலத்தில் ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்றாலும், சென்னையிலுள்ள என் தங்கை அன்றிலிருந்து நிம்மதியாக உறங்கவில்லை. “வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை இங்கே அனுப்பிவிடுங்கள், அண்ணே. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்” என்றாள். ஒரு வாரம் உடனிருந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக வாக்களித்திருந்தேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ளது. ஆனிக் காற்றில் தேரியின் செம்மணல் கதவிடுக்கு, சன்னல், ஓட்டு இடைவெளி என எல்லா வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பெருக்குகிறார். பெருக்கிய சுவடு மறைவதற்குள் மணல் மீண்டும் படிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் துடைப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் குனிந்து பெருக்கியபின் முதுகு சொன்ன செய்தி எளிதில் மறக்கக்கூடியதன்று. “தினமும் இப்படித்தானா அம்மா?” என்றேன். “மணல் தினமும் வருதே, சாமி” என்றார்.

ஆம், நான் குருவான நாள்முதல் அம்மா என்னைச் ‘சாமி’ என்றுதான் அழைக்கிறார். ‘நீங்கள்’ என்றுதான் பேசுகிறார். அதை மாற்ற நான் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஆனால் புதன்கிழமை சாளைக் குழம்பு வைக்கும்போது, அடுப்பருகே நின்று ஏதோ யோசனையில் இருந்த என்னை நோக்கி, “ஏலே, தீயைக் குறைலே!” என்று ஓர் அதட்டல். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த அந்த ‘ஏலே’யை எந்தப் பட்டத்துக்கும் ஈடாக நான் கொடுக்கமாட்டேன்.

காலையில் பனையேறும் அண்ணாச்சி ஒருவர் பதநீர் கொண்டுவருவார். ‘பயினி’ என்பது எங்கள் ஊர்ச்சொல். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியது. தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். ஓலைப் பட்டையில் ஊற்றி, இரு கைகளாலும் ஏந்திக் குடிக்கவேண்டும். டம்ளரில் குடித்தால் அதே பதநீர் வேறொன்றாகிவிடுகிறது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. பனையை மாநில மரமென்று 1978-இல் அரசு அறிவித்தது, ஏறுவதற்குத்தான் ஆளில்லை. தமக்குப்பின் தம் வீட்டில் எவரும் ஏறப்போவதில்லை என்று அண்ணாச்சி வருத்தமின்றிச் சொன்னார். வருத்தம் எனக்குத்தான்.

பகலில் வேலை குறைவு. அம்மா திண்ணையிலிருந்து கீரை ஆய்வார். நான் திருப்புகழ்மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நாசரேத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். இறையியல் வகுப்புகளில் நாங்கள் பெத்லகேமிலிருந்து யோர்தானுக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவோம். இடையில் கிடக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு நற்செய்தி நூல்களே சில வரிகளைத்தான் தருகின்றன. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 ஜனவரி 5-ஆம் நாள் நாசரேத்துக்குச் சென்றபோது, அமைதி, குடும்பம், உழைப்பு என்ற மூன்றையும் அவ்வூர் கற்றுத்தரும் பாடங்களாக எடுத்துரைத்தார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற சார்லஸ் தெ ஃபூக்கோ அதற்கும் முன்பே, 1897-இல், அவ்வூருக்குச் சென்று கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வேலையாளாகச் சேர்ந்தவர். மறைந்திருந்த அந்த ஆண்டுகளைத் தாமும் வாழ்ந்து பார்க்க விரும்பினார். நற்செய்தியாளர்கள் எழுதாமல் விட்டது சொல்வதற்கு ஒன்றுமில்லாததால் அன்று என்பதே என் கருத்து. நாசரேத்திலும் காற்று வீசியிருக்கும், யாரோ பெருக்கியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கி வழிந்தது. அடுப்பை மூட்டியதையே அம்மா மறந்து கோழிகளிடம் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “பால் பொங்கினா நல்லதுதானே, சாமி” என்று சிரிக்க முயன்றார். நான் சிரிக்கவில்லை. தங்கை அஞ்சுவது வீணன்று என்பதை அன்று கண்டேன். அதே அம்மா அன்று மாலை, யார் வீட்டில் எத்தனை முட்டைக்குப் பணம் பாக்கி என்பதைத் தாளின்றி ஒப்புவித்தார். மாத்திரைகளை இருட்டிலும் தடவிப் பார்த்தே பிரித்தறிந்தார். இதில் எதை நிறுத்து, எதைத் தீர்ப்பாகக் கொள்வது?

சனிக்கிழமை சென்னைப் பேச்சை எடுத்தேன். அம்மா மறுமொழி சொல்லவில்லை. உள்ளே சென்று, முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்துவந்து நீட்டினார். “ஆனி போனா பனை ஓஞ்சிரும். பத்துக் கிலோ கருப்பட்டி வாங்கிட்டு வாங்க. அடுப்புக்கு மேல பரண்ல வச்சாத்தான் ஐப்பசி மழைக்குக் கசியாது.”

கருப்பட்டி காய்ச்சும் விளைக்கு நடந்தேன். பொங்கிவரும் பாகில் ஓர் அம்மாள் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டார், நுரை அடங்கிற்று. பாகு பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றி ஆறும்வரை காத்திருந்து, பத்துக் கிலோவையும் ஓலைப்பெட்டியில் சுமந்துவந்து பரணில் ஏற்றினேன். அடுத்த வீட்டு மதினியின் மகள் இரவில் துணைக்குப் படுக்க இசைந்தாள். கொத்தனாரை அழைத்து, கிணற்றடியில் பாசி வழுக்காத கல்லும் கைப்பிடிக் கம்பியும் வைக்கச் சொன்னேன்.

இரவு தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பால் பொங்கியது உட்பட. நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “ஐப்பசியில் பத்து நாள் விடுப்புப் போட்டு நான் வந்து பார்க்கிறேன், அண்ணே. அதற்குப் பிறகு பேசுவோம்” என்றாள். பரணில் எத்தனை கிலோ இருக்கிறது என்றும் கேட்டாள்.