கால் அங்குல மரை

மார்கழிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு ஹவுராவில் ரயிலிறங்கி, பையைத் திறந்து பார்த்தபோது என் 600 மி.மீ. லென்ஸின் கால் ஆடியது. லென்ஸின் இடுப்பில் வளையம் போல மாட்டி, ட்ரைபாடின் தலையோடு திருகி நிறுத்துகிற அலுமினியக் கட்டையைத்தான் கால் என்கிறோம். அதன் உள்மரை தேய்ந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், கல்கத்தாவில், ஒரு பழுதுபார்ப்பு மையத்தில் காட்டினேன். பாகத்தையே மாற்ற வேண்டும், வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

ஹவுராவிலேயே குடியிருக்கும் ரயில்வே நண்பர் காலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது கேமரா வேலையே இல்லண்ணே, மரை வேலை. வாங்க, பெலிலியஸ் ரோடுக்குப் போவோம்" என்றார்.

இந்தப் பௌர்ணமியை விட எனக்கு மனமில்லை. குளிர்காலத்து முழுநிலா நேர்கிழக்கில் உதிக்காது. வடகிழக்கே தள்ளி எழும். அது எவ்வளவு தூரம் வடக்கே போகும் என்பது 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறையும். 2025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது உச்சம். ஹவுரா படித்துறையில் நின்றால் அந்தத் திசையில்தான் ஹவுரா பாலத்தின் கிழக்குக் கோபுரம் இருக்கிறது. 1943-இல் திறந்த பாலம். 26,500 டன் எஃகு, நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. அந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நிலா ஏறுவதைப் பிடிக்க வேண்டும் என்று பல மாதமாக நினைத்திருந்தேன்.

600 மி.மீ. லென்ஸில்கூட சென்ஸாரின் மேல் நிலா ஐந்தரை மில்லிமீட்டர்தான் விழும். கால் ஒரு மயிரிழை அசைந்தால் பள்ளங்கள் எல்லாம் கரைந்து வெறும் வெள்ளைத் தட்டு மிஞ்சும். அதனால்தான் இந்த வேலையில் கண்ணாடிக்கு உள்ள மதிப்பு திருகாணிக்கும் உண்டு.

பெலிலியஸ் ரோட்டில் டோட்டோ எனும் பேட்டரி ரிக்ஷாவை விட்டு இறங்கியதும் காது அடைத்துக்கொண்டது. தெருவின் இரு பக்கமும் பட்டறைகள். ஒரு ஆள் அகலக் கடைக்குள் ஒரு லேத், ஒரு குண்டு பல்பு, சுவரில் விஸ்வகர்மா படம். ஒரு காலத்தில் கிழக்கின் ஷெஃபீல்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது. சணல் ஆலைகளுக்கும் ரயில்வேக்கும் உதிரிபாகம் கடைந்தே வளர்ந்தது. நியூயார்க் தெருக்களின் சாக்கடை மூடிகள் பல ஹவுரா வார்ப்படச் சாலைகளில் செய்தவை என்பதை 2014-இல் வந்த 'காஸ்ட் இன் இந்தியா' என்ற ஆவணப்படம் காட்டியிருக்கிறது.

நண்பர் அழைத்துப்போன பட்டறையில் மிஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். என் இந்தியையும் நண்பரின் வங்காளத்தையும் கலந்து பேசினோம். லென்ஸை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ட்ரைபாடின் திருகாணியை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். டப்பாவிலிருந்து பழைய சணல் ஆலை போல்ட் ஒன்றை எடுத்தார். இரண்டையும் மரையோடு மரையாகப் பொருத்தி, பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சுற்று சரி. கோணம் வேறே. ஒரு நூல் வெளிச்சம் போகுது பாருங்க, பாபு."

நானும் பார்த்தேன். மரைப் பற்களுக்கு நடுவே கோடாக வெளிச்சம் கசிந்தது. ஆலை போல்ட், ஆங்கிலேயரான ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த அளவு: கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று, பல்லின் கோணம் 55 டிகிரி. இன்றைய கேமராத் திருகாணியிலும் அதே கால் அங்குலம், அதே 20 சுற்று; கோணம் மட்டும் அமெரிக்க முறையில் 60. இந்த ஐந்து டிகிரியை மிஸ்திரி வெறும் கண்ணால் பிரித்துவிட்டார். விட்வொர்த் அந்த அளவை வகுத்ததற்கு முந்தைய ஆண்டுதான், 1840-இல், நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவை முதன்முதலாகத் தெளிவாகத் தகட்டில் பதித்தார். நிலாப் படமும் இந்த மரையும் ஒரு வயதுக்காரர்கள்.

மிஸ்திரி தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, எஃகில் ஒரு புஷ், அதாவது சிறு உள்குழல், கடைந்து, அதற்குள் புது மரை வெட்டி இறுக்கினார். நடுவில் செய்த சில வேலைகள் எனக்குப் புரியவில்லை. கடைசியில் திருகாணியை இரண்டு விரலால் ஏற்றிப் பார்த்தார். பாதியில் நிறுத்தி எண்ணெய் விட்டு, மறுபடி ஏற்றினார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை.

ஆம்தா பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவர். முதல் இரண்டு வருடம் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. லேத்தில் நின்ற முதல் வருடத்தில் விரல் போனது. அவர் பாகம் செய்து கொடுத்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இப்போது வேலை தரகர் வழியாகத்தான் வருகிறது. தரகர் வரைபடம் தருவார், சரக்கைத் தருவார், எண்ணி வாங்கிப் போவார். கூலி உருப்படிக் கணக்கு. அந்தப் பாகம் எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்பதைக்கூட இவரிடம் சொல்வதில்லை. ஆற்றைத் தாண்டினதும் அதே புஷ் ஏழெட்டு மடங்கு விலைக்குப் போகிறது என்றார். அதைக் கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. ஐந்து டிகிரி வித்தியாசத்தைக் கண்ணால் அளக்கிறவரின் பெயர் எந்த ரசீதிலும் இல்லை. வாங்கி விற்கிறவனுக்குப் பலகை இருக்கிறது, அச்சடித்த பில் இருக்கிறது, கடனுக்கு வங்கி இருக்கிறது. கடைகிறவருக்கு உருப்படிக் கூலி மட்டும். அதிலும் ஒரு உருப்படி அளவு தவறினால் சரக்கின் விலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது வியாபாரம் இல்லை, பறிப்பு. அவருடைய மகன் லேத்தைத் தொடாமல் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான் என்றால் அவனை யார் குறை சொல்ல முடியும்?

பௌர்ணமி மாலை படகுத்துறைக்குப் பக்கத்துக் கல்படியில் நின்றேன். மிதக்கும் மேடையில் நிற்கவே கூடாது, ஒவ்வொரு படகுக்கும் அது ஆடும். ட்ரைபாடின் நடுத்தண்டைக் கீழே இறக்கி, செங்கல் போட்ட பையைக் கொக்கியில் தொங்கவிட்டேன். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு நொடி டைமர் வைத்தேன். குளிர்காலப் புகைமூட்டத்தில் அடிவானத்து நிலா தெரியாது. சற்று மேலேறியதும் செம்புத் தட்டாக வெளியே வந்தது. உச்சி நிலாவுக்கு எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, நொடியில் நூறில் ஒரு பங்கு என்பது பழைய வாய்ப்பாடு. இந்தப் புகைக்கு ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. பாலத்தில் குவியம் வைத்தால் நிலாவின் விளிம்பு கரைந்தது, நிலாவில் வைத்தால் ரிவெட்டுகள் கரைந்தன. இரண்டுக்கும் நடுவே வைத்தேன். தன் அகலத்தைக் கடக்க நிலாவுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அதனால் சில நிமிடங்களுக்கு மேல் அது அந்தச் சட்டங்களுக்குள் இல்லை.

இருபத்து மூன்று படங்கள். பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றில்கூடக் கால் அசையவில்லை.

கல்கத்தா பக்கம் போகிற தமிழ்ப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளையமோ தட்டோ திருகாணியோ எது உடைந்தாலும் புதுப் பாகத்துக்குப் பணம் கட்டும் முன் ஹவுராவில் இறங்கிப் பெலிலியஸ் ரோட்டுக்கு நடந்து போங்கள். லேத்தில் நிற்கிறவரிடமே பேசுங்கள், கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.