சங்ககிரியில் பனிச்சரிவு!

‘‘பனிச்சரிவு வந்தா என்னடா பண்றது?’’

சங்ககிரி மலையடிவாரத்துல ஜாக்கெட்டோட வந்து நின்ன நண்பன் கேட்டான். அடிச்சது ஏப்ரல் வெயில்!

சிரிச்சுட்டே ஏறினோம். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை இது. பாதி வழியிலேயே தண்ணி பாட்டில் காலி. அவனுக்குத் தலைசுற்றல். உச்சி கண்ணுக்குத் தெரியுது... இறங்கிட்டோம்.

நம்ம ஊர் மலைகள்ல பனிச்சரிவு கிடையாதுங்க. வெயிலும் காட்டுத்தீயும்தான் எமன். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடிக்கிற தீ, மேட்டில் நம்மைவிட வேகமாக ஏறும்.

அடுத்து கொல்லிமலைக் காட்டுக்குள்ள நடக்கப் போறீங்களா? வனத்துறை அனுமதி வாங்குங்க. கோடையைத் தவிருங்க. தண்ணி நிறைய எடுத்துக்கங்க. பத்திரமா திரும்பி வந்தாத்தான் அது மலையேற்றம், பாஸ்!