உடைகிற அச்சு

சுவாமிமலையின் உலோகச் சிலைப் பட்டறைகளில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து கையாலேயே உருவம் பிடிக்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் முகம், மார்பு, இடுப்பு என்று அளவெடுக்கிறார்கள். மேலே காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். சோழர் காலத்துச் செய்முறை இது. அடுத்த நடராஜருக்கு மறுபடியும் மெழுகிலிருந்துதான் ஆரம்பம்.

நானும் கைவேலைக்காரன்தான், படம் வரைந்து பிழைக்கிறவன். ஒரு படம் இன்ஸ்டாகிராமில் ஓடிவிட்டால் போதும், "அதே மாதிரி இன்னும் பத்து" என்று கேட்கிறார்கள். ஏஐ அதை நொடியில் தந்துவிடும். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வாரம் கேட்டவரிடம், "புதுசா ஒண்ணு வரைஞ்சு தர்றேன் சார், நாலு நாள் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.