பின் சக்கரத்துக்கு 40 கம்பி

எங்கள் பக்கத்தில் சைக்கிளுக்குக் கம்பெனிப் பெயர் சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அப்பாவுடையதை ராலே என்போம். ராலேயில் மிஞ்சியிருந்தது ஃப்ரேமும் முன் போர்க்கும் மட்டும். ஹேண்டில்பார் ஹெர்குலிஸ். பின் சக்கரம் தஞ்சாவூர்ப் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி எடுத்தது. கேரியர் உள்ளூர்ப் பட்டறையில் கம்பி வளைத்து அடித்தது. செயின் எந்த வகையறா என்பது அதை அறுத்து அறுத்துக் கோத்தவருக்கே மறந்திருக்கும். இந்தக் கலப்படத்துக்காக யாரும் வெட்கப்பட்டதாக நினைவில்லை. இப்போது பழைய ராலேயைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று காசு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஓடின சைக்கிளில் ஒரிஜினல் ஏது?

ஒரத்தநாட்டில் பட்டுக்கோட்டைச் சாலையோரம் இருந்தது அந்தக் கடை. கடைக்காரரை ஊரே மாமா என்றுதான் கூப்பிடும். வாடகை சைக்கிள் வரிசை ஒரு பக்கம், ஓவராயிலுக்குப் பிரித்துப் போட்டது ஒரு பக்கம். எங்களைப் போன்ற பொடியன்களுக்கு மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ரஸ் குண்டு கழுவுகிற வேலை. முன் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் பருத்த குண்டாகப் பக்கத்துக்கு 9. எண்ணிக் கொடுக்க வேண்டும். மாமா கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, கோனை முறுக்கி முடித்துவிட்டுத் துளி பின்வாங்குவார். “இறுக்கினா அரைக்கும், விட்டா ஆடும்” என்பார். அந்தத் துளி எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டு, வால்வு இருக்கும் பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார். அவ்வளவு எடைக்கே சக்கரம் அசைந்து கொடுத்தால் கோன் சரி.

கிரீஸ் என்றதும் எங்கோ கலிபோர்னியா ஞாபகம் வருகிறது. அங்கே மரின் என்ற மலைப்பக்கத்தில் 1970களில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பருத்த டயர் மாட்டி, மண் சரிவில் ஓட்டியிருக்கிறார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்து மறுபடி அப்ப வேண்டும். 1976இல் அதையே பந்தயமாக்கினார்கள். மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் அந்தச் சரிவுக்கென்றே ஃப்ரேம் கட்டினார். மவுண்டன் பைக் என்று இன்று உலகம் முழுக்க விற்பது அந்தக் கூத்தில் முளைத்ததுதான். மாமாவிடம் சொல்லியிருந்தால், “வேலை வெட்டி இல்லாதவனுவ” என்றிருப்பார். ஆனால் அந்த ஹப்பை அவர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்று கட்டாயம் கேட்டிருப்பார்.

எங்களுக்கு மலை கிடையாது. ஏற்றம் என்றால் புதாற்றுப் பாலம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934வாக்கில் வந்த கல்லணைக் கால்வாயைத்தான் புதாறு என்கிறோம். மலைக்குப் பதில் காற்றும் சேறும் சுமையும் உண்டு. கிழக்கே மன்னார்குடிப் பக்கம் போனால் களிமண். ஐப்பசி மழையில் மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் நின்றுபோகும். குச்சியால் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் மட்காட்டை உயர்த்தி இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டியிருப்பார்கள். சிலர் மழைக்காலம் முடியும்வரை மட்காட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். முதுகெல்லாம் சேறாகும், சக்கரம் ஓடும்.

பால்காரருடைய சைக்கிள் வேறு ஜாதி. டபுள் பார், முன் போர்க்குக்கு இருபுறமும் தாங்கு கம்பி, கேன் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி அகலக் கேரியர். சாணை பிடிக்கிறவர் ஸ்டாண்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தால் சைக்கிளே பட்டறை. எங்கள் வயதுப் பையன்களுக்கோ ஹேண்டில் பிடியில் குஞ்சம், ஹப்பைச் சுற்றிக் கலர் பூ, பார் முழுக்கப் பிளாஸ்டிக் வயர். அதைச் செய்துகொள்ளாத பையன் கிடையாது, அதைப் பற்றிச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

சக்கரக் கோட்டம் எடுப்பதைத்தான் சொல்ல வேண்டும். முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. மாமா அவற்றை விரலால் சுண்டிச் சுண்டிப் போவார். தொங்கல் கம்பி மந்தமாகக் கேட்கும். அங்கே நிப்பிளில் கால் திருகு. எதிர்ப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்து. இடவலம் ஆடுவதைவிட ரிம் மேடுபள்ளம் ஆவதைத்தான் அவர் பெரிய குற்றமாக நினைத்தார். காரணம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. பழைய கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்முகத்தில், அச்சுக்கு எதிர்ப் பக்கமாக அழுத்தும். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் பிரேக் பொறுத்துக்கொள்ளும். வட்டம் கெட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடிக்கும்.

இது தெரியாமல்தான் சித்தப்பா மகன் ஒயர் பிரேக்குக்கு ஆசைப்பட்டான். அப்போது பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வைத்திருப்பவன்தான் மைனர். அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தினர் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் வண்டி அது. புதிதாக வாங்க வழியில்லாமல், அதன் பிரேக்கை மட்டும் வாங்கிவந்து தாத்தாவின் ஹெர்குலிஸில் பூட்டினான். பழைய ரிம்மின் பக்கங்கள் உருண்டையானவை. கட்டை உட்காரத் தட்டை முகமே இல்லை. பிடித்தால் கீச்சென்று கத்தும், நிற்காது. “ரிம்மை மாத்து, இல்ல ஆசையை மாத்து” என்றார் மாமா.

கந்தர்வகோட்டையில் வாக்கப்பட்ட சின்னம்மா சைக்கிள் பழகியது அதற்குச் சில வருஷம் கழித்து. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் பழகிய பெண்கள் கூடவே சைக்கிளும் பழகினார்கள், ஆயிரக்கணக்கில். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத்கூட அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சின்னம்மாவுக்கு அந்தக் குறுக்குப் பார்தான் பிடித்தது. அதில் குட்டிச் சீட் ஒன்று வைத்துப் பிள்ளையை உட்காரவைக்கலாம். “புடவை தடுக்காதா சின்னம்மா?” என்றால், “தடுக்குனா தூக்கிச் செருகிக்கிறது” என்பார். சீட் கம்பியை அறுத்து உயரம் குறைத்துக் கொடுத்தது மாமாதான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது மாமா இல்லை. தென்னை விழாத தெரு இல்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் நின்றுவிட, சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டித் தாண்டிப் போனோம். கரண்ட் இல்லை, செல்போன் செத்துக் கிடந்தது. பரணில் கிடந்த 6 வோல்ட் டைனமோவை எடுத்து, நாலு டயோடும் ஒரு கப்பாசிட்டரும் ரெகுலேட்டரும் கோத்து, சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு மிதித்ததில் போன் உயிர் பெற்றது. தெருவே முறை வைத்து மிதித்தது. பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை, யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பேட்டரியும் இல்லாமல் இதே டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். எங்களுக்குச் சில நாள், அவர்களுக்கு வருஷக்கணக்கு.

கடையை இப்போது மாமா மகன் பார்க்கிறான். எனக்கு மச்சான் முறை. சாயங்காலம் போய் உட்கார்ந்தால் பழைய ஃப்ரேம் ஒன்றைக் கொடுத்துவிடுவான், எனக்குப் பொழுது போய்விடும். ஒரு விஷயத்தில்தான் சண்டை: பல் கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 28 அங்குலச் சக்கரம் சுமார் ஐந்தரை மீட்டர் போகும். வெறும் ஆளுக்குச் சுகம். ஆடி மேல்காற்றில் முட்டியைத் தின்றுவிடும். பின்னால் 22 போட்டால் நாலரை மீட்டர்தான், ஆனால் காற்றில் மூச்சு வாங்காது. “யாரு மச்சான் 22 கேக்குறா? கடையில வாங்கி வச்சா தூசிதான்” என்பான்.

எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பிறகு எல்லாருக்கும் ஆன திட்டம். அவளுடையதில் சீட்டை இறக்கி, ஹேண்டிலை உயர்த்தி, மச்சான் முனகினாலும் 22 பல் பிரீவீல் மாட்டி, செயினை நீட்டிக் கொடுத்தோம். மறு வாரம் வந்து நிற்கிறாள். மிதிக்க லேசாக இருக்கிறதாம், ஆனால் கூடப் போகிற பிள்ளைகள் எல்லாம் முந்திப் போய்விடுகிறார்களாம். “20 போடுங்க பெரியப்பா” என்கிறாள். 18தான் போட வேண்டும் என்று மச்சான் நிற்கிறான். வியாழக்கிழமை தஞ்சாவூர் போகிறேன், 20 ஒன்று எடுத்துவர வேண்டும்.