மினிக்காய்த் தீவின் உயிர் இரை

மாசிக் கருவாட்டை அறியாத இல்லம் நம் தென்கரையில் அரிது. இடித்துத் தூளாக்கிச் சம்பலிலும் குழம்பிலும் சேர்க்கும் இல்லத்தரசியர், மரத்துண்டு போல் இறுகிக் கிடக்கும் அப்பொருள் சூரை மீனே என்பதை நன்கு அறிவர். சூரையைக் கடல்நீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் காய வைத்தால் மாசி கிடைக்கிறது. ஆயின், அந்தச் சூரையைப் பிடிக்கும் முன்னர், விரல் நீளமும் இல்லாத சிறு மீன்களைப் படகிலேயே உயிரோடு காத்துக்கொண்டு செல்ல வேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே. அக்கலையைக் காண விரும்புவோர் மாலத்தீவுக்கோ, நம் நாட்டின் மினிக்காய்த் தீவுக்கோ செல்ல வேண்டும். நாம் மினிக்காய்க்குச் சென்றோம்.

கொச்சியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் பிறை வடிவாய்க் கிடக்கிறது அத்தீவு. 1885-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் தென்னைகளுக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. மக்கள் இஸ்லாமியர், மாலத்தீவு மொழியோடு ஒன்றான மஹல் மொழியைப் பேசி, அதனை வலமிருந்து இடமாக எழுதுகின்றனர். தீவின் மேற்கே பவளப் பாறைகள் அரணாகச் சூழ்ந்த உட்கடல் ஒன்று உண்டு. தீவின் நிலப்பரப்பைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதான அந்த அமைதியான நீர்ப்பரப்பே இரை மீன்களின் இருப்பிடம்.

அங்கே சூரையை வலையால் வளைப்பதில்லை. கழியும் தூண்டிலுமே கருவிகள். சூரைக் கூட்டத்தைக் கண்டவுடன், ஒருவர் உயிருள்ள சிறு மீன்களைக் கைப்பிடியளவாக நீரில் வீசுகிறார். வேறு சிலர் நீரை வாரி இறைத்து, சிறு மீன்கள் துள்ளுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர். பசியால் வெறிகொண்ட சூரைகள் பளபளக்கும் தூண்டில் முள்ளையும் கவ்வுகின்றன. முள்ளுக்கு எதிர்முனை இல்லாமையால், கழியைச் சுண்டியதும் மீன் தானே கழன்று தளத்தில் விழுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இவ்வேட்டைக்கு ஆதாரம் இரையின் உயிரே. செத்த இரையை வீசினால் அது துள்ளாது. துள்ளாத இரையைச் சுற்றிச் சூரைக் கூட்டம் நிலைகொள்ளாது.

அந்த இரையோ மிக மென்மையானது. சாளைக்கும் நெத்திலிக்கும் உறவான, வெள்ளி மின்னும் சிறு மீன்கள் அவற்றுள் முதன்மையானவை. கையால் தொட்ட மாத்திரத்தில் அவற்றின் செதிள் உதிர்ந்துவிடும். செதிள் உதிர்ந்த மீன் நெடுநேரம் பிழைப்பதில்லை. ஆகவே வலையில் கூடிய மீன்களை அத்தீவினர் நீரை விட்டுப் பிரிக்காமல், நீரோடு சேர்த்தே முகந்து மாற்றுகின்றனர். மிகுதியானவற்றை, நீர் தடையின்றிப் புகுந்து செல்லும் மிதவைப் பெருங்கூடைகளில் இட்டு உட்கடலிலேயே வைத்துக் காக்கின்றனர். அக்கூடைக்கு லபாரி என்பது அவர்கள் வழங்கும் பெயர்.

படகில் கையாளும் வழி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. படகின் நடுவே, இருபுறமும் நீர் கசியாத தடுப்புகளுக்கிடையே ஓர் அறை அமைத்து, அதன் அடிப்பலகையில் துளைகள் இட்டிருக்கின்றனர். தக்கைகளை உருவியதும் கடல்நீர் உள்ளே பொங்கி எழுகிறது. வெளியேயுள்ள நீர்மட்டம் வரை உயர்ந்ததும் நின்றுவிடுகிறது. முன்னும் பின்னுமுள்ள அறைகள் உலர்ந்திருப்பதால் படகு மூழ்குவதில்லை. பழைய பாய்மர ஓடங்களில் ஆட்கள் இடைவிடாது நீரை இறைத்து, புதுநீர் கீழிருந்து ஏறுமாறு செய்தனர். இயந்திரப் படகுகள் வந்தபின், அடித்துளை வழியே புகும் நீர் பக்கத்துளை வழியே தானே வெளியேறுமாறு அமைத்துக்கொண்டனர். வேட்டை முடிந்ததும் தக்கைகளை அடைத்து நீரை இறைத்துவிட்டால், படகு இலேசாகிக் கரை நோக்கி விரையும்.

“படகில் ஓட்டை விழுந்தால் எல்லாரும் அஞ்சுவார்கள், எங்கள் படகில் ஓட்டை அடைபட்டால்தான் எங்களுக்கு அச்சம்” என்று முதியவர் ஒருவர் சொன்னதை அவ்வூர் ஆசிரியர் நமக்கு மொழிபெயர்த்துக் கூறினார். மண்டபத்தில் அந்நாளில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் எஸ். ஜோன்ஸ், 1958-ஆம் ஆண்டிலேயே மினிக்காயின் உயிர் இரை மீன்பிடிப்பைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

முதியவரின் சொல்லில் அறிவியல் உண்மை பொதிந்திருக்கிறது. நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. நம் வெப்பக் கடல்நீர் ஒரு லிட்டரிலோ அது 6 மில்லிகிராம் அளவே. நீர் சூடேற ஏற அந்தச் சிறு அளவும் குறைகிறது. தேங்கிய நீரில் நூற்றுக்கணக்கான மீன்களை அடைத்தால் மூச்சு முட்டுவதோடு, அவற்றின் கழிவே அவற்றுக்கு நஞ்சாகவும் ஆகிறது. எனவே, கலத்தின் அளவைக் காட்டிலும் நீரின் ஓட்டமே முதன்மையானது.

நம் கரைகளில் சிறு வள்ளத்திலோ ஃபைபர் படகிலோ உயிர் இரையோடு தூண்டிலுக்குச் செல்லும் அன்பர்களும் இதனைச் செலவின்றிப் பின்பற்றலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் சுற்றிலும் துளையிட்டு, படகு நிற்கும்போது பக்கவாட்டில் நீரில் கட்டித் தொங்கவிட்டால் அதுவே ஒரு லபாரி. காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, உட்புற விளிம்பை வழுவழுப்பாகத் தேய்த்துவிட வேண்டும். பிசிறு இருந்தால் செதிளைக் கிழித்துவிடும். படகு விரையும்போது பீப்பாயை இழுத்துச் சென்றால் மீன்கள் நீரின் வேகத்தில் மோதிச் சாகும். அப்போது உள்ளே ஒரு தொட்டியில் மாற்றிக்கொள்வதே முறை. மூலையுள்ள பெட்டியைவிட வட்டத்தொட்டி நன்று. மூலையில் மீன்கள் நெருங்கி நசுங்கும். தொட்டியின்மேல் ஈரச்சாக்கை நிழலாக விரித்து, அடிக்கடி பாதி நீரை மாற்றுக. வீட்டு மீன்தொட்டிக்கு வைக்கும் மின்கலக் காற்றுக்குழாயும் துணைபுரியும். பனிக்கட்டியை நேரே இடலாகாது. அது உருகினால் நன்னீர் கலந்து உப்பின் அளவு மாறும். உறைய வைத்த நீரைப் புட்டியில் அடைத்து மிதக்க விடுக. செத்த மீனை உடனே அகற்றுக.

ஒரு சிறு மீனுக்காக இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மினிக்காயில் அது பிழைப்பின் கேள்வி. இரை இல்லாத நாளில் படகு வெளிக்கடலுக்குப் போவதில்லை. இரை மீன்களில் பல பவளக் கிளைகளுக்கிடையே வாழ்பவை. கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவின் பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. புகலிடம் குறையும்போது, பத்து மீன் போதுமான இடத்தில் இருபது பிடித்து, பத்தைச் சாகவிடுவது அந்த உட்கடலால் தாங்க முடியாத செலவாகும். துளை அடைபட்ட படகு அன்றைய வேட்டையை மட்டும் இழப்பதில்லை. நாளைய இரையையும் அழிக்கிறது.

மீனவர் இல்லங்களில் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கும் பெரியோர், வலைவீச்சும் தூண்டில் கட்டும் முறையும் சொல்லித் தருகின்றனர். அவற்றோடு, பிடித்த இரையை வீணே சாகவிடாத பழக்கத்தையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். மினிக்காயின் சிறுவர்கள் அதனைத் தக்கை பிடுங்குவதிலிருந்தே கற்கத் தொடங்குகின்றனர்.